பழைய ரீவி கேம் பெட்டியை மீண்டும் ஓடவைப்பது: திருகோணமலை வீடுகளிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கசெட் போட்டு விளையாடிய ரீவி கேம் பெட்டி இன்னும் பல வீடுகளில் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுவோம் என்று இறக்கும்போதுதான் கேள்விகள் வருகின்றன. உப்புக்காற்று வீசும் ஊருக்குப் பொருந்தும் பதில்கள் இவை. அவசரக்காரர்கள் எதை விட்டாலும் மூன்றாவது கேள்வியை வாசிக்காமல் அடப்டரைச் சொருக வேண்டாம்.

எங்கள் வீட்டில் இருந்தது உண்மையில் என்ன மெஷின்?

பெரும்பாலும் நிண்டெண்டோவின் ஃபாமிகொம் மெஷினின் நகல். அசல் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளிவந்தது. நகல்களைத் தாய்வானிலும் பிறகு சீனாவிலும் செய்தார்கள். மைக்ரோ ஜீனியஸ் அவற்றில் பெயர்பெற்ற ஒன்று. வெளிக்கூட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். சேகா போலவும் பிளேஸ்டேஷன் போலவும் கூடு செய்து, மூடியைத் திறந்தால் உள்ளே கசெட் சொருகும் இடம் இருக்கும்படி விற்றார்கள்.

கசெட்டின் பின்களை எண்ணினால் சந்தேகம் தீரும். பக்கத்துக்கு 30, மொத்தம் 60 என்றால் ஃபாமிகொம் இனம். அமெரிக்க, ஐரோப்பிய நிண்டெண்டோவின் பெரிய சாம்பல் கசெட்டில் 72.

கூட்டைக் கழற்றினால் இன்னொன்றும் தெரியும். முந்திய நகல்களில் 40 கால் கொண்ட இரண்டு பெரிய சிப்கள் இருக்கும். ஒன்று கணிக்க, மற்றது படம் வரைய. பிந்தியவற்றில் தார் சொட்டியது போல ஒரு கறுப்புப் பொட்டு மட்டுமே. இரண்டு சிப் உள்ளதை, உதிரி கிடைத்தால், திருத்தலாம். பொட்டு செத்தால் செத்ததுதான்.

ஃபோனில் மரியோ விளையாடினால் வேகமாக ஓடுகிறதே. எங்கள் ஞாபகம்தான் பிழையா?

ஞாபகம் சரி. நீங்கள் சின்ன வயதில் விளையாடிய மரியோ மெதுவாகத்தான் ஓடியது.

ஜப்பான் ஃபாமிகொம் செக்கனுக்கு ஏறக்குறைய 60 படம் வரைகிறது. இலங்கையின் ரீவி ஒளிபரப்பு பி.ஏ.எல். முறை, அதற்கென்று செய்த நகல்கள் செக்கனுக்கு 50 படம்தான் வரையும். அந்தக் கால விளையாட்டுகள் நேரத்தைக் கடிகாரத்தால் அளப்பதில்லை, படங்களை எண்ணி அளக்கின்றன. ஆகவே ஓட்டம், பாய்ச்சல், பாட்டின் தாளம் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு இறங்கும். மரியோவின் முதல் கட்டத்தில் மேலே தெரியும் 400 என்ற நேரம் 24 படத்துக்கு ஒன்றாகக் குறைகிறது. அசலில் அது முழுதும் ஓடித் தீர 160 செக்கன். எங்கள் பெட்டியில் 192 செக்கன். அரை நிமிடத்துக்கு மேல் சலுகை.

சுவையான இடம் சுருதி. ஐரோப்பாவுக்கு நிண்டெண்டோவே செய்த 50 பட மெஷினில் கணிக்கும் சிப் 1.66 மெகாஹேட்ஸில் ஓடும், அசலில் 1.79. அதனால் அங்கே பாட்டின் சுருதியே ஏறக்குறைய 7 வீதம் இறங்கிவிடும். தாய்வான்காரர் நகலை 1.77 இல் ஓடவிட்டார்கள். ஒவ்வொரு படமும் வரைந்து முடிந்தபின் சும்மா காத்திருக்கும் வரிகளைக் கூட்டி 50 ஆக்கினார்கள். ஜப்பான் கசெட்டுகள் குழறாமல் ஓடுவதற்காகச் செய்த வேலை அது. அதன் பயனாக எங்கள் மரியோப் பாட்டில் தாளம் மட்டும் ஆறுதல், சுருதி கிட்டத்தட்ட அசல்.

ஃபோனிலோ கணினியிலோ இதையே கேட்க வேண்டுமானால், எமுலேட்டரின் (பழைய மெஷினைப் போல நடித்து அதன் விளையாட்டை ஓடவைக்கும் மென்பொருளின்) பிராந்தியத் தெரிவில் ‘டென்டி’ என்பதை எடுங்கள். மெசென், எஃப்.சி.இ.யு.எக்ஸ். இரண்டிலும் உண்டு. டென்டி என்பது 1992 இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த இதே இன நகல். வெறும் ‘பி.ஏ.எல்.’ தெரிவு ஐரோப்பிய மெஷினைத்தான் தரும். கேட்டவுடன் காது சொல்லிவிடும். ‘அசல் அனுபவம்’ என்று விலை கொடுத்து ஜப்பான் ஃபாமிகொம் வாங்குபவர்களுக்கும் இதுவே எங்கள் எச்சரிக்கை: அது உங்கள் அசல் அல்ல.

அடப்டர் தொலைந்துவிட்டது. எதைச் சொருகலாம்?

கையில் கிடைத்ததைச் சொருகிப் பார்ப்பதுதான் இந்தப் பெட்டிகளைக் கொல்லும் முதல் காரணம். பெட்டியின் அடியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். பெரும்பாலானவை 9 வோல்ட் நேர்மின் (டி.சி.), நடுமுனை மறை, அதாவது பிளக்கின் நடுக்குழி கழித்தல், வெளி உலோகம் கூட்டல். இன்று கடையில் வாங்கும் 9 வோல்ட் அடப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர். பிளக் கச்சிதமாகப் பொருந்தும், முனை மாறியிருக்கும். தலைகீழ் மின்சாரத்தைத் தடுக்கும் காப்பு டயோட் உள்ளே வைக்காத பெட்டி அத்தோடு சரி.

மல்டிமீட்டரை நேர்மின் 20 வோல்டில் வைத்து, சிவப்பு முனையை பிளக்கின் குழிக்குள்ளும் கறுப்பை வெளி உலோகத்திலும் வையுங்கள். கழித்தல் குறி வந்தால் நடுமுனை மறை. பாரமான பழைய டிரான்ஸ்போமர் அடப்டர் சுமையில்லாமல் 12, 13 வோல்ட் காட்டினால் பயப்பட வேண்டாம், அது அதன் இயல்பு. 350 முதல் 500 மில்லி அம்பியர் போதும். 1 அம்பியர் அடப்டரும் கெடுதல் செய்யாது, பெட்டி தனக்குத் தேவையானதை மட்டுமே எடுக்கும்.

நிலையான 12 வோல்ட் அடப்டர் வேண்டாம். உள்ளே 7805 என்ற மூன்று கால் சிப் எதையும் 5 வோல்டாக இறக்குகிறது. மிச்சம் சூடாகப் போகும். பெட்டி 0.3 அம்பியர் எடுத்தால் 9 வோல்டில் 1.2 வாட் சூடு, 12 வோல்டில் 2.1. இங்குள்ள வெக்கையில் அந்தச் சின்னத் தகரத் துண்டால் அதைத் தாங்க முடியாது.

வெளிநாட்டிலிருந்து வந்த ஜப்பான் அடப்டர் 100 வோல்டுக்கானது. எங்கள் சுவர் 230 வோல்ட். பிளக் மாற்றி போட்டுச் சொருகினால் புகைதான்.

விளக்கு எரிகிறது, ரீவியில் ஒன்றும் வரவில்லை. அடப்டரா, கசெட்டா?

7805 ஐ அளந்தால் பாதி விடை கிடைக்கும். எழுத்து உங்களைப் பார்க்க வைத்தால் இடக்கால் உள்வரவு, நடு பொது, வலக்கால் வெளிவரவு. நடுவுக்கும் வலத்துக்கும் இடையே 4.8 முதல் 5.2 வரை வந்தால் மின்சாரம் நலம், கசெட்டுக்குப் போங்கள். இடப்பக்கம் 9 வந்து வலப்பக்கம் வராவிட்டால் 7805 ஐ மாற்ற வேண்டும். மலிவான சாமான், ரீவி, றேடியோ திருத்துபவர் யாரிடமும் இருக்கும்.

படம் வருகிறது, ஆனால் இரண்டு அகலமான நிழல்பட்டைகள் மெதுவாக ஊருகின்றன, ஒலியில் இரைச்சல் என்றால் மின்தேக்கி (கப்பாசிட்டர்) காய்ந்துவிட்டது. அடப்டருக்குள்ளே ஒன்று, பெட்டிக்குள்ளே ஒன்று இருக்கும். 1000 மைக்ரோஃபரட், 16 அல்லது 25 வோல்ட் போட்டால் பெரும்பாலும் தீரும். கழித்தல் பக்கக் கோட்டைப் பார்த்து ஒட்டுங்கள்.

கசெட்டை ஊதிப் போட்டால் வேலை செய்யுமே, இப்போதும் ஊதலாமா?

வேண்டாம். ஊதியதால் அது வேலை செய்யவில்லை. கழற்றித் திரும்பச் சொருகியபோது பின்கள் வேறிடத்தில் தொட்டதால் செய்தது. ஊதினால் எச்சில் ஈரம் செம்பில் படும். கடற்கரைத் தெருக்களில் காற்றிலேயே உப்பு இருப்பதால், உப்பும் ஈரமும் சேர்ந்து பச்சை பிடிக்கும். அந்தப் பச்சை மின்சாரத்தைக் கடத்தாது.

99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் வாங்குங்கள். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் அவசரத்துக்கு ஆகும். ஆனால் பலவற்றில் ஆமணக்கெண்ணெய் கலந்திருப்பதால் பிசுக்குப் படியும். கோட்டன் பட் ஒன்றை நனைத்துப் பின்களின் நீள வாக்கில் தேயுங்கள், குறுக்காக அல்ல. பட் கறுத்தால் மாற்றுங்கள். ஒரு கசெட்டுக்கு ஏழெட்டுப் பட் போகும். போகாத கறைக்கு வெள்ளை அழிறப்பரால் இரண்டு மூன்று இழுப்பு, பிறகு தூளைத் துடைத்து மறுபடி அல்ககோல். பித்தளை விளக்குத் துலக்கும் பொலிஷைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். பின்களின் மேற்பூச்சை அது தின்றுவிடும்.

பெட்டியின் சொருகுவாய்க்குள் பழைய வங்கி அட்டையில் மெல்லிய பருத்தித் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, அல்ககோல் தொட்டு, பத்துத் தடவை மேலும் கீழும் இழுங்கள். இரண்டு சுற்று வேண்டாம். வாய் விரிந்துபோனால் எந்தக் கசெட்டும் இறுக்கமாக நிற்காது.

துடைத்த பிறகும் படம் குழம்பியே வருகிறது. எந்தப் பின் பிழை என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். கசெட்டுக்குள் விளையாட்டின் நிரல் வேறு, படங்கள் வேறு என்று இரண்டு சேமிப்பு உண்டு. இரண்டும் வெவ்வேறு பின்களால் போகின்றன. திரை முழுக்க ஒரே நிறமாக நின்றுவிட்டால் நிரல் பக்கம் தொடவில்லை. பாட்டு ஒழுங்காக ஓடி, மரியோ மட்டும் எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் படப் பக்கம்.

படம் சுத்தம், ஒரு கசெட்டில் மட்டும் ஒலியே இல்லை என்றால் அது தனிக் கதை. ஃபாமிகொம் அமைப்பில் ஒலி கசெட்டுக்குள் போய்த்தான் திரும்பி வருகிறது. 45 ஆம் பின்னால் உள்ளே போய், 46 ஆம் பின்னால் வெளியே. பல நகல்களும் இதை அப்படியே வைத்திருக்கின்றன. 31 முதல் 60 வரையுள்ள வரிசையில் இவை நட்டநடுவே இருப்பதால் தேடுவது சுலபம்: இரண்டு பக்கமும் நடுவில் உள்ள சோடியைத் துடையுங்கள்.

புது எல்.சி.டி. ரீவியில் எப்படி எடுப்பது?

பெட்டியின் பக்கத்தில் மஞ்சள், வெள்ளை ஏ.வி. துளைகள் இருந்தால் அதுவே முதல் வழி. ரீவியில் மஞ்சள் துளை இல்லாவிட்டாலும், சிலவற்றில் 3.5 மில்லிமீற்றர் துளைக்கு ஒரு மாற்று வயர் வந்திருக்கும். ரீவிப் பெட்டிக்குள் தேடுங்கள்.

அன்டெனா வயர் மட்டும் உள்ள பெட்டி என்றால், கசெட்டைப் போட்டு மெஷினை முதலில் போடுங்கள், பிறகு அனலொக் தேடலைத் தொடங்குங்கள். தானாகத் தேடுவது பலவீனமான சமிக்ஞையைத் தாண்டிப் போய்விடும். கையால் தேடும் தெரிவில் 48 முதல் 70 மெகாஹேட்ஸ் வரை மெதுவாகப் போனால் அகப்படும். படம் வந்து ஒலி வெறும் இரைச்சல் என்றால் ஒலி முறையை பி/ஜி, ஐ, டி/கே என்று மாற்றிப் பாருங்கள். இலங்கைக்குரியது பி/ஜி, பெட்டி வேறு நாட்டுக்குச் செய்ததாக இருக்கலாம். கறுப்பு வெள்ளையாக வந்தால் நிற முறையைத் தானியங்கியிலிருந்து எடுத்து பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி. இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

எச்.டி.எம்.ஐ. மட்டுமே உள்ள ரீவிக்கு மாற்றிப் பெட்டி தேவை. கடையில் கேட்கும்போது ‘ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.’ என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள். எதிர்த்திசைப் பெட்டியும் அச்சாக இதே போலிருக்கும், ஒருவழிப் பாதைதான். மாறி வாங்கி ‘பழுது’ என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

மாற்றிப் பெட்டி போட்டபின் பட்டனை அமத்தினால் மரியோ பிந்திப் பாய்கிறான். ஏன்?

மாற்றியும் ரீவியும் படத்தைச் சேர்த்து வைத்துச் சமைத்துத் தருகின்றன. 50 பட மெஷினில் ஒரு படம் 20 மில்லி செக்கன்; மூன்று நான்கு படம் பிந்தினால் 60, 80 ஆகிறது. குழிக்கு விளிம்பில் பாய்பவருக்கு அது போதும் விழ. ரீவியில் ‘கேம்’ நிலையைப் போட்டு, படத்தை மெருகூட்டும் தெரிவுகளை எல்லாம் நிறுத்துங்கள். மலிவு மாற்றிகள் இந்தப் படத்தைச் சாதாரண ஒளிபரப்பு போல ஒன்றுவிட்ட வரிகளாக நினைத்துக்கொள்வதால், மின்னும் உருவங்கள் சீப்புப் பல் போலக் கிழிபட்டோ முற்றாக மறைந்தோ தெரியும். அதற்குத் தெரிவு எதுவும் இல்லை.

தாரா சுடும் துப்பாக்கி எல்.சி.டி.யில் ஏன் வேலை செய்வதில்லை?

துப்பாக்கியிலிருந்து ஒன்றும் புறப்படுவதில்லை. அதன் குழலுக்குள் இருப்பது கண். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகும், அடுத்த கணம் தாரா இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம் வரும். கறுப்பில் வெளிச்சம் தெரியாமலும் வெள்ளையில் தெரிந்தும் இருந்தால் சுட்டதாகக் கணக்கு. முன்கணத்தில் இருட்டு வேண்டும் என்பதால்தான் மின்குமிழைக் குறிபார்த்து ஏமாற்ற முடியாமல் வைத்தார்கள். குழாய் ரீவி வெள்ளையை அந்தக் கணமே காட்டும். எல்.சி.டி. பிந்திக் காட்டுவதால் துப்பாக்கி பார்க்கும் நேரத்தில் அங்கே வெள்ளை இல்லை. எந்த மாற்றியாலும் இது தீராது.

அப்படியென்றால் பழைய குழாய் ரீவி தேடலாமா?

இடமிருந்தால் தேடுங்கள், துப்பாக்கிக்கும் பிந்தாத பாய்ச்சலுக்கும் அதுவே மருந்து. 14 அல்லது 21 அங்குலம் போதும். வாங்குமுன் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பின்பக்கத்தில் ‘டிஸ், டிஸ்’ என்ற சத்தமும், மழைக்கு முன் இடி விழுந்தது போன்ற வாசமும் வந்தால் உயர் அழுத்தப் பகுதியில் உப்பும் தூசியும் சேர்ந்து பொறி பறக்கிறது. கடலோர வீட்டு ரீவிகளில் இது சாதாரணம். கூட்டை நீங்களாகக் கழற்ற வேண்டாம். குழாயில் 20,000 வோல்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் மிச்சம் இருக்கும்.

ஜொய்ஸ்டிக்கில் ஒரு பட்டன் மட்டும் இறுகி அமத்தினால்தான் வேலை செய்கிறது.

பின்னால் உள்ள ஸ்குரூக்களைக் கழற்றி, றப்பரின் அடியில் உள்ள கறுப்புப் பொட்டையும் போர்டில் அது தொடும் இடத்தையும் அல்ககோலால் மெதுவாகத் துடையுங்கள். கறுப்பு கரையத் தேய்த்தால் பட்டன் போய்விடும். எல்லாப் பட்டனும் சேர்ந்து விட்டுவிட்டு வேலை செய்தால் வயர் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பிளக்கிலிருந்தோ கைப்பிடியிலிருந்தோ நாலு விரல் தூரத்துக்குள், வளைந்து வளைந்து. உள்ளே ஐந்து இழைதான். அறுந்த இடத்துக்கு அப்பால் வெட்டி ஒட்டுங்கள், வெட்டுமுன் எந்த நிறம் எங்கே என்று படம் எடுத்துவையுங்கள். 9 பின் பிளக் வெளியே ஒன்றுபோலிருந்தாலும் நகலுக்கு நகல் உள்ளே இணைப்பு மாறும்.

2004 சுனாமியில் நனைந்த பெட்டி. வைத்திருக்கிறோம். இனி ஓடுமா?

கூட்டைக் கழற்றிப் போர்டைப் பார்த்தால் தெரியும். செம்புக் கோடுகள் பச்சைப் பூச்சுக்கு அடியில் தொடர்ச்சியாக இருந்தால் முயலலாம். கால்கள் முறிந்து, கோடுகள் தின்னப்பட்டிருந்தால் வேண்டாம். அதை அப்படியே வைத்திருங்கள், சில வீடுகளில் அதுவே போதுமானது.

முயல்வதானால் மின்சாரம் கொடுக்கு முன் உப்பைக் கழுவ வேண்டும். வாகனச் சாமான் கடைகளில் விற்கும் பற்றரித் தண்ணீர், அதாவது வடித்த நீர், இரண்டு லீற்றர் எடுங்கள். போத்தலில் அசிட் இல்லை என்று பார்த்து வாங்குங்கள். மெல்லிய பற்தூரிகையால் போர்டைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை இரண்டு தரம் மாற்றி, கடைசியில் அல்ககோலால் அலசுங்கள். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ தன் உப்பை விட்டுப் போகும். நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயட்டும். பிறகு மின்தேக்கிகளை மாற்றி, 7805 ஐ அளந்து, அதன் பின்னரே கசெட். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் தவிடுதான் சேரும்.

9999999 விளையாட்டு உள்ள கசெட்டில் உண்மையில் எத்தனை?

பலவற்றில் பத்துக்கும் குறைவு. மிச்சம் எல்லாம் அதே விளையாட்டின் வேறு கட்டத்திலிருந்து தொடங்கும், அல்லது பெயரை மாற்றி எழுதிய வரிகள். 1985 இன் டாங்க் விளையாட்டான பட்டில் சிட்டியில் அசலிலேயே 35 கட்டங்களும், நீங்களே சுவர் கட்டும் தெரிவும் உண்டு; பலர் அந்தத் தெரிவைத் திறந்ததே இல்லை.

கொன்ட்ராவில் 30 உயிர், மரியோவில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது எப்படி?

கொன்ட்ராவின் முகப்பில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, ஸ்டார்ட். இரண்டு பேர் என்றால் ஸ்டார்ட்டுக்கு முன் செலக்ட். மரியோவில் எல்லா உயிரும் போய் முகப்புக்கு வந்ததும், ஏ பட்டனை அமத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டை அமத்தினால் நீங்கள் செத்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடங்கும். மின்சாரத்தை நிறுத்தினால் இது மறந்துபோகும்.

எச்.டி.எம்.ஐ. குச்சியில் ஆயிரக்கணக்கான விளையாட்டு என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

பிள்ளைகளுக்கு வாங்கலாம். வாங்கிய அன்றே உள்ளே இருக்கும் மைக்ரோ எஸ்.டி. அட்டையைக் கணினியில் முழுப் பிரதியெடுத்து வையுங்கள். குச்சிக்கு முன் அந்த மலிவு அட்டைதான் சாகும். இது 60 படத்தில் ஓடும் என்பதை மறக்க வேண்டாம். ‘எங்கட மரியோ இப்படி அவசரப்படமாட்டானே’ என்று தோன்றினால் காரணம் அதுதான்.

பிளேஸ்டேஷனைக் கவிழ்த்து வைத்தால்தான் ஓடுகிறது. திருத்தலாமா?

1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் பிளேஸ்டேஷனின் முந்திய மாதிரிகளில் லேசர் ஊரும் தடம் பிளாஸ்டிக். பக்கத்திலேயே மின்வழங்கியின் சூடு. தடம் தேய்ந்து லேசர் சரிந்தால் கவிழ்த்தபோது மட்டும் நேராகிறது. முதலில் கண்ணாடியை அல்ககோல் தொட்ட பட்டால் துடையுங்கள். தேறாவிட்டால் லேசர்த் தொகுதியையே மாற்றுவது மேல். உள்ளே உள்ள சின்னத் திருகைத் திருப்பி லேசர் வலுவைக் கூட்டித் தருபவர்கள் அதன் மிச்ச ஆயுளைத்தான் எடுத்துத் தருகிறார்கள். எரித்த சீ.டி.கள் வெயிலிலும் வெக்கையிலும் மங்கும் என்பதால், பழுது என்று முடிவு செய்யுமுன் அச்சடித்த அசல் சீ.டி. ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

திருத்திய பிறகு எங்கே, எப்படி வைப்பது?

மூடி இறுகும் பிஸ்கட் ரின் அல்லது பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே 100 கிராம் அளவு சிலிக்கா ஜெல். கட்டும் நாள் முக்கியம். மாரி மழைக்குள் பொலித்தீனில் சுற்றினால் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகிவிடும். கச்சான் காற்றுச் சுடச்சுட வீசும் ஜூலை, ஆகஸ்ட் மத்தியானத்தில் கட்டுங்கள். நிறம் மாறும் மணிகள் வாங்கினால், மாறியதும் பையிலிருந்து கொட்டி 120 பாகையில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைக்க மறுபடி உதவும்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூடு ஈரத்தை விரட்டும், மின்தேக்கிக்கும் நல்லது. அடப்டரைத் தனியாக வையுங்கள், அதன் துளைகளுக்குள் எறும்பு குடியேறும். கையில் பிடித்து விளையாடிய பிரிக் கேம் இருந்தால் அதன் பற்றரிகளை இன்றே கழற்றுங்கள். ஏற்கனவே கசிந்து வெள்ளை பூத்திருந்தால், விநாகிரி தொட்ட பட்டால் துடைத்து, பிறகு அல்ககோலால் ஒருமுறை.